கேட்டது கிடைக்கும் என்கிறார்கள், கேட்பது யார்?

ஊரடங்கு தொடங்கிய மூன்றாம் நாள், 2020 மார்ச் 27 அன்று, அப்போதைய ஒன்றியத் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். மக்களின் கோரிக்கையை ஏற்று இராமாயணத் தொடர் மறுநாள் முதல் தூர்தர்சனில் மீண்டும் ஒளிபரப்பாகும் என்றார். சொன்னபடியே மறுநாள் ஒளிபரப்பானது. அதே நாட்களில் நாடு முழுவதும் புலம்பெயர் தொழிலாளர்கள் சோறும் பேருந்தும் கேட்டு நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கோரிக்கை ஒரே இரவில் யார் காதிலும் விழவில்லை.

இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு கோரிக்கை உண்டு. ஜபார் பட்டேல் இயக்கத்தில் மம்மூட்டி அண்ணல் அம்பேத்கராக நடித்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' படத்தைத் தயாரித்தது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம். செலவழிக்கப்பட்டது பொதுமக்கள் பணம். மம்மூட்டிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தது. தமிழ்நாட்டில் அந்தப் படத்தைத் தமிழில் பார்க்க வேண்டும் என்று இயக்கங்கள் கேட்டன, எழுதின, உயர்நீதிமன்றம் வரை போயின. 2010 டிசம்பரில்தான் அது தமிழில் திரைக்கு வந்தது. இராமாயணத்துக்கு ஓர் இரவு, அம்பேத்கருக்குப் பத்தாண்டுகள்.

தொலைக்காட்சி வணிகத்தில் 'ஆன் டிமாண்ட்' என்று ஒரு சொல் புழங்குகிறது. நீங்கள் கேட்டதை, நீங்கள் கேட்ட நேரத்தில் காட்டுவோம் என்பது அதன் பொருள். நம் வானொலிக் காலத்துச் சொல்லில் சொன்னால் நேயர் விருப்பம். இதற்கு டிஷ் நல்லதா, கேபிள் நல்லதா என்று கடைக்குக் கடை ஒப்பீடு நடக்கிறது. படத் தெளிவு, சேனல் எண்ணிக்கை, மாதக் கட்டணம் என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியோடு இந்த ஒப்பீட்டை நாமும் செய்து பார்க்க வேண்டும். கேட்கும் குரல் எந்த வழியாகப் போகிறது? அந்த வழியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

டிஷ்: கேட்க வாயில்லாத பெட்டி

முதலில் டிஷ். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் நிற்கிறது. நிலையத்திலிருந்து மேலே அனுப்பப்படும் அலைவரிசைகளை வாங்கி, நாடு முழுவதற்கும் ஒரே மழையாகப் பொழிகிறது. மேட்டுக்குடியின் மாடியில் இருக்கும் டிஷ்ஷுக்கும் காலனி வீட்டு ஓட்டின் மேல் இருக்கும் டிஷ்ஷுக்கும் ஒரே அலைதான் வருகிறது. இடையில் தெரு கிடையாது, ஊர் கிடையாது.

ஆனால் நம் வீட்டு டிஷ்ஷால் வாங்கத்தான் முடியும், திருப்பிப் பேச முடியாது. "எனக்கு இந்தப் படம் வேண்டும்" என்று அது செயற்கைக்கோளிடம் சொல்லாது. சொன்னாலும் ஒரு வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு படத்தை அனுப்பும் அளவுக்குச் செயற்கைக்கோளில் இடமில்லை. ஒரு அலைவரிசையைக் கோடி வீடுகள் பகிர்வதால்தான் அந்தத் தொழிலுக்கே கணக்கு சரிப்படுகிறது. ஆகவே டிடிஎச் நிறுவனங்கள் 'கேட்டது கிடைக்கும்' என்று விளம்பரம் செய்தபோது, உண்மையில் மூன்று உபாயங்களைத்தான் கையாண்டன. ஒரே படத்தைப் பல சேனல்களில் நேரம் தள்ளித் தள்ளி ஓட்டுவது முதலாவது. தாங்களே தேர்ந்தெடுத்த படங்களை இரவோடு இரவாகப் பெட்டிக்குள் இருக்கும் வட்டில் இறக்கிவைத்துவிட்டு, காலையில் "தேர்ந்தெடுங்கள்" என்று பட்டியல் நீட்டுவது இரண்டாவது. டிஷ்ஷை விட்டுவிட்டு இணைய இணைப்பு வழியாகப் படத்தைக் கொடுப்பது மூன்றாவது. அமெரிக்காவின் பெரிய செயற்கைக்கோள் நிறுவனமான டைரக்ட்டிவி கூட இந்தச் சேவைக்கு வீட்டில் பிராட்பேண்ட் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னது.

அதாவது டிஷ்ஷில் நாம் கேட்பது என்பது, அவர்கள் ஏற்கெனவே நமக்காகத் தீர்மானித்துவிட்டதற்குத் தலையாட்டுவதுதான். அதற்கும் விலை உண்டு. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்பே டிடிஎச்சில் காட்டப்போவதாகக் கமல்ஹாசன் அறிவித்தார். திரையரங்கு உரிமையாளர்களின் எதிர்ப்பால் அந்தத் திட்டம் அப்படியே நடக்கவில்லை. அப்போது ஒரு முறை பார்க்க அறிவிக்கப்பட்ட கட்டணம் 1000 ரூபாய். அந்த ஆண்டில் நூறுநாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டிருந்த நாள்கூலி 132 ரூபாய். ஒரு படம் கேட்க ஏழு நாள் கூலிக்கும் மேலே வேண்டும். தெருவே சேர்ந்து பார்த்தால் ஆளுக்குப் பத்து ரூபாய்தானே என்று சிலர் அப்போது கணக்குச் சொன்னார்கள். எந்தத் தெருவில், யார் வீட்டுத் திண்ணையில், யாரெல்லாம் சேர்ந்து உட்காருவார்கள் என்பதை அந்தக் கணக்கு கேட்டுக்கொள்ளவில்லை.

கேபிள்: ஊர் வழியாக வரும் கம்பி

கேபிள் வேறு வகை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து கம்பி கிளம்பி, கம்பம் கம்பமாகத் தாண்டி, வீட்டுக்கு வீடு பிரிந்து போகிறது. கம்பியில் இரு திசையிலும் செய்தி போக முடியும். கேட்கும் குரலை மேலே அனுப்பி, கேட்டவர் வீட்டுக்கு மட்டும் படத்தைக் கீழே அனுப்பலாம். அமெரிக்காவில் கேபிள் நிறுவனங்கள் 2000களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டி, டிஷ் நிறுவனங்களை வம்புக்கு இழுத்தன. தொழில்நுட்பமாகப் பார்த்தால், கேட்டதைத் தருவதில் கேபிளுக்குத்தான் வெற்றி.

தமிழ்நாட்டில் நம் வீட்டுக்கு வந்த கம்பி பெரும்பாலும் ஒருவழிக் கம்பிதான். ஆனாலும் அதில் ஒரு நேயர் விருப்பம் இருந்தது. 1990களில் ஒவ்வொரு ஊரிலும் கேபிள்காரர் ஒரு லோக்கல் சேனல் வைத்திருந்தார். கட்டுப்பாட்டு அறையில் ஒரு விசிஆர், பிறகு ஒரு விசிடி பிளேயர். போன் போட்டு "அண்ணே, இந்தப் படம் போடுங்க" என்று கேட்டால் சாயங்காலம் அந்தப் படம் ஓடும். பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து வாழ்த்து கீழே எழுத்தாக ஓடும். இன்று கோடிக் கணக்கில் முதலீடு போட்டுச் செய்வதை நம் கேபிள்காரர் ஒரு போனிலும் நூறு கேசட்டிலும் செய்தார்.

அப்போது போன் போட்டுக் கேட்டது யார்? போன் வைத்திருந்தவர். கேபிள்காரரை "மாப்ளே" என்று கூப்பிடும் உறவு உள்ளவர். ஊர்ப் பெரிய மனிதர். கோவில் கொடையும் தேரோட்டமும் லோக்கல் சேனலில் நேரலையாக ஓடின. சாதிச் சங்கத் தலைவரின் பிறந்தநாள் ஊர்வலம் இரண்டு முறை ஓடியது. காலனி அம்மன் கோவில் திருவிழாவும், ஏப்ரல் 14 ஊர்வலமும் எத்தனை ஊர் லோக்கல் சேனலில் ஓடின என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். படிக்கும் ஒவ்வொருவருக்கும் தங்கள் ஊரின் பதில் தெரியும்.

கம்பிக்கு இன்னொரு குணமும் உண்டு. போகப் போக அதில் அலை தேயும். ஒவ்வொரு வீட்டுக்குப் பிரிக்கும்போதும் கொஞ்சம் குறையும். குறைவதைச் சரிக்கட்ட இடையிடையே ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டும், அதற்குச் செலவு. கேபிள்காரர் எந்தத் தெருவிலிருந்து கம்பியைத் தொடங்குகிறார், எந்தத் தெருவில் முடிக்கிறார் என்பதை நம் ஊர்களின் வரைபடமே சொல்லிவிடும். ஊர்த் தெருவில் தொடங்கிய கம்பி காலனியில் முடியும். பழைய அனலாக் காலத்தில் ஊரில் தெளிவாகத் தெரிந்த படம் சேரியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததற்குக் காரணம் வெறும் இயற்பியல் என்று ஒருவர் சொல்லலாம். கம்பி எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானித்தது இயற்பியல் அல்லவே. தண்ணீர்க் குழாயும், தார்ச் சாலையும், தெருவிளக்கும் முடிந்த அதே இடத்தில்தான் கேபிள் கம்பியும் முடிந்தது.

கம்பியை வைத்து வேறு என்ன செய்ய முடியும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைத் தடுக்க எழுப்பிய சுவரின் மேல் 2008ல் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சினார்கள். ஊராட்சித் தொலைக்காட்சி இருந்த அறைக்குள் தலித்துகளை விடாமல், சன்னலுக்கு வெளியே நின்று பார்க்க வைத்த ஊர்கள் உண்டு. சொந்தமாகப் பெட்டி வாங்கினால் அதுவும் கண்ணை உறுத்தியது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் புகுந்த காவல்துறை, வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து அனுப்பிய பணத்தில் அந்த மக்கள் வாங்கியிருந்த பொருட்களைத் தேடித் தேடி உடைத்தது. உடைந்தவற்றில் மின்விசிறியும் தையல் எந்திரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தன. ஒரு தலித் வீட்டில் தொலைக்காட்சி ஓடுவது வெறும் பொழுதுபோக்காக ஒருநாளும் பார்க்கப்பட்டதில்லை.

இரண்டையும் நேர்மையாக எடை போட்டால்

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஆகவே டிஷ் விடுதலை, கேபிள் அடிமைத்தனம் என்று முடித்துவிட முடியாது.

டிஷ் வந்தபோது காலனி வீடுகள் பலவற்றுக்கு அது உண்மையிலேயே ஒரு மூச்சு. கேபிள்காரரின் தயவு வேண்டாம். ஊர்த் தகராறு வந்தால் கம்பியை அறுத்துவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். கூரைக்கு மேலே வானம் இருந்தால் போதும். தூர்தர்சனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமும் கிடையாது. பெட்டிக்கும் தட்டுக்கும் ஒருமுறை செலவு செய்தால் போதும். ஆனால் ஃப்ரீ டிஷ்ஷில் இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. ஏலம் எடுப்பவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள். காசில்லாதவனுக்குக் கொடுக்கும் தொலைக்காட்சியும் இந்தி பேசுகிறது.

கட்டணம் கட்டும் டிடிஎச்சுக்கோ இரக்கம் கிடையாது. தேதி முடிந்தால் திரை இருண்டுவிடும். கூலி இல்லாத மாதத்தில் கேபிள்காரர் "சரி, அடுத்த மாசம் சேர்த்துத் தாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கடனும் சும்மா வருவதில்லை. கடன் சொன்னவர் லோக்கல் சேனலில் ஓடும் சாதிப் பெருமையை எதிர்த்துப் பேச மாட்டார்.

அரசு இதில் தலையிட்டதும் உண்டு. 2006ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கியது. அதை எள்ளி நகையாடியவர்கள், தங்கள் வீட்டில் இரண்டு பெட்டி வைத்திருந்தவர்கள். ஊராட்சி அறைச் சன்னலில் நின்று பார்த்த தலைமுறைக்கு அது சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் பெட்டி இலவசமாக வந்தது, கம்பி தனியாரிடம் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கப்பட்டதுதான் அரசு கேபிள் நிறுவனம். 2007ல் உருவாகி, முடங்கி, 2011ல் அ.தி.மு.க. ஆட்சியில் மாதம் 70 ரூபாய்க்கு 90 சேனல்கள் என்று மறுபடி எழுந்தது. அந்த 70 ரூபாய் ஏழை வீடுகளுக்குப் பெரிய உதவி. ஆனால் கட்டணம் மாறியது, கம்பி போகும் பாதை மாறவில்லை. கடைசிக் கம்பியை இழுத்தவர் அதே உள்ளூர் கேபிள்காரர்தான்.

2019 பிப்ரவரி 1 முதல் டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள், தேர்வு உங்கள் கையில் என்றார்கள். அடிப்படையாக 100 சேனல்களுக்கு 130 ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு வரி, மொத்தம் 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை. 70 ரூபாய்க்குப் பார்த்த வீடு இரண்டு மடங்குக்கும் மேல் கட்டத் தொடங்கியது. தேர்ந்தெடுக்கும் உரிமை என்று நமக்குக் கொடுக்கப்பட்டது ஒரு விலைப்பட்டியல்தான்.

கைபேசி வந்த பிறகு

இன்று டிஷ்ஷா கேபிளா என்ற கேள்வியே பழசாகிவிட்டது, எல்லாம் ஓடிடிதான் என்பார்கள். கேட்டதைத் தருவது உண்மையிலேயே நடப்பது அங்கேதான். அதன் நன்மையை நாம் அனுபவித்தும் இருக்கிறோம். 2021 ஜூலை 22 அன்று 'சார்பட்டா பரம்பரை', அதே ஆண்டு நவம்பர் 2 அன்று 'ஜெய் பீம்' இரண்டும் நேரடியாக அமேசான் தளத்தில் வெளியாயின. விநியோகஸ்தர் யார், எந்த ஊர்த் திரையரங்கு உரிமையாளர் எந்தச் சாதி என்ற தடைகளைத் தாண்டி, ஒரே நாளில் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தன. பழங்குடி இருளர்களின் வாழ்வைப் பற்றி அதுவரை யோசிக்காத வீடுகளிலும் பேச்சு நடந்தது.

ஆனால் அங்கே வேறொரு ஆபத்து இருக்கிறது. திரையரங்கில் ஓடிய படத்தைப் பார்த்தவர் பார்த்ததுதான். விசிடி வாங்கி வைத்திருந்தால் அது நம் அலமாரியில் இருக்கும். ஓடிடியில் நம்மிடம் எதுவும் இல்லை. படம் அவர்களுடைய கணினியில் இருக்கிறது, நமக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டும். 'ஜெய் பீம்' படத்தில் ஒரு காட்சியில் தெரிந்த நாட்காட்டிப் படம், எதிர்ப்பு கிளம்பிய பிறகு வெளியான படத்திலேயே மாற்றப்பட்டது. அந்த மாற்றம் சரியா தவறா என்பது தனி விவாதம். வெளியான பிறகும் ஒரு படத்தை எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் மாற்ற முடியும் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

'அன்னபூரணி' கதை இன்னும் தெளிவானது. பார்ப்பனக் குடும்பத்துப் பெண் சமையல் கலைஞராகி இறைச்சி சமைப்பதுதான் கதை. தணிக்கைச் சான்று பெற்று, 2023 டிசம்பரில் திரையரங்குகளில் ஓடி முடித்து, நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இந்துத்துவ அமைப்புகள் புகார் கொடுத்தன. 2024 ஜனவரியில் படம் அந்தத் தளத்திலிருந்து காணாமல் போனது. நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. சந்தா கட்டியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிலர் கேட்டார்கள், அது கிடைத்தது. கோடிக்கணக்கானோர் கையில் இருந்தது பறிபோனது. கேட்டது கிடைக்கும் தொலைக்காட்சியில், நீக்கச் சொல்லிக் கேட்கும் குரலுக்குத்தான் முதல் மரியாதை.

யார் கேட்டால் கோரிக்கை?

கோரிக்கையை எண்ணும் முறையையும் பார்த்துவிடுவோம். எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு பார்வையாளர் என்பதை பார்க் நிறுவனம் மாதிரி வீடுகளில் கருவி வைத்துக் கணக்கிடுகிறது. அந்த வீடுகளைத் தரம் பிரிக்கும் அளவுகோல் இரண்டு: வீட்டில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, வீட்டில் இருக்கும் பொருட்களின் எண்ணிக்கை. குளிர்சாதனப் பெட்டி, சலவை எந்திரம், கார் என்று பட்டியல் போகிறது. விளம்பரதாரர் மேல்தட்டு வீடுகளின் விருப்பத்துக்கே அதிக விலை கொடுக்கிறார். சாதி என்ற சொல் அந்தப் படிவத்தில் எங்கும் கிடையாது. படிப்பும் சொத்தும் தலைமுறை தலைமுறையாக யாருக்கு மறுக்கப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு, அந்தச் சொல் எழுதப்பட வேண்டிய அவசியமும் கிடையாது.

காசு கொடுத்தால் கேட்டது கிடைக்கும் என்பதும் நம் வரலாற்றில் பொய்த்துப்போன ஒன்று. 1920 ஜனவரியில் அண்ணல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதற்கான விளம்பரத்தைக் காசு கொடுத்துப் போடுகிறோம் என்று கேட்டபோதும், திலகர் தொடங்கிய 'கேசரி' இதழ் வெளியிட மறுத்தது. சந்தையில் எல்லோர் காசும் ஒன்றுதான் என்று சொல்பவர்களுக்கு அந்த மறுப்பு போதுமான பதில். கேட்ட கதவு திறக்காது என்று தெரிந்ததால்தான் அண்ணல் மராட்டியத்திலும் தந்தை பெரியார் இங்கேயும் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார்கள்.

கேட்டு வாங்கிய ஒரு நிகழ்வும் உண்டு. 1988ல் தூர்தர்சன் இராமாயணத் தொடர் முடிவுக்கு வந்தபோது, உத்தர காண்டத்தையும் எடுக்க வேண்டும் என்று வட இந்தியாவின் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டவர்கள் அவர்கள். வால்மீகி ஒரு பாத்திரமாக வரும் பகுதியை விட்டுவிட்டுத் தொடர் முடிவதை அவர்கள் ஏற்கவில்லை. ஜலந்தரில் தொடங்கிய வேலைநிறுத்தம் மற்ற நகரங்களுக்கும் பரவியது. குப்பை குவிந்தது. அரசு இறங்கிவந்து கூடுதல் பகுதிகளை எடுக்க ஒப்புக்கொண்டது. அவர்கள் கேட்டது இராமாயணம் என்பதில் நமக்கு மாறுபாடு உண்டு. சம்பூகன் தலை வெட்டப்படுவதும் அதே உத்தர காண்டத்தில்தான் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் அடித்தட்டு மக்கள் கேட்டு, அரசு கொடுத்த ஒரு நேயர் விருப்பம் அதுதான். கடிதம் எழுதிக் கிடைக்கவில்லை, துடைப்பத்தைக் கீழே வைத்ததால் கிடைத்தது.

நாம் கேட்க வேண்டியவை

எந்த இணைப்பு வாங்கலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீடும் தன் வருமானத்துக்கும் கூரைக்கும் ஏற்றபடி பதில் கண்டுகொள்ளும். இயக்கமாக நாம் கேட்க வேண்டியவை வேறு.

முதலாவது, கம்பியின் பாதை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணையம் கொண்டுபோக, தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் வேலை செய்கிறது. இழை ஊராட்சியைத் தொட்டது என்று கணக்கு எழுதப்படும்போது, அது ஊரைத் தொட்டதா, காலனியையும் தொட்டதா என்று கேட்க வேண்டும். ஊராட்சி அலுவலகம் பெரும்பாலும் ஊரில் இருக்கிறது. தனித்தொகுதியில் வென்ற தலித் தலைவர்கள் பலர் தங்கள் நாற்காலியில் உட்காரவே போராட வேண்டியிருக்கும் அலுவலகங்கள் அவை. இழையை அங்கே முடித்துவிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம் என்று சொல்வதை ஏற்க முடியாது. ஒவ்வொரு ஊராட்சியிலும் இழை முதலில் தொட வேண்டிய இடம் காலனிப் பள்ளி, காலனி அங்கன்வாடி, அம்பேத்கர் படிப்பகம். இந்த முறையாவது கம்பி நம் பக்கத்திலிருந்து தொடங்கட்டும். அங்கே தேய்ந்துபோகும் அலை பற்றி ஊர்த்தெரு புகார் கொடுக்கட்டும், அரசு உடனே ஆம்ப்ளிஃபயர் வைத்துவிடும்.

இரண்டாவது, பொதுப்பணத்தில் எடுத்த படம் பொதுமக்களுக்கு இலவசம் என்ற விதி. கேரள அரசு 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்ற சொந்த ஓடிடி தளத்தைத் தொடங்கியது. பிரசார் பாரதி அதே ஆண்டு நவம்பரில் 'வேவ்ஸ்' தொடங்கி, இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் முன்னால் நிறுத்தியது. சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாட்டில், அரசு கேபிளும் ஃபைபர்நெட்டும் அரசின் கையில் இருக்க, அம்பேத்கர் படத்தை, பெரியார் படத்தை, சாதி ஒழிப்பு ஆவணப்படங்களை எந்த வீட்டிலும் கேட்ட நேரத்தில் காட்டும் ஒரு தளம் ஏன் இல்லை? செட்டாப் பாக்ஸ் இருக்கிறது, கம்பி இருக்கிறது, பொதுப்பணத்தில் எடுத்த படங்களும் இருக்கின்றன. அரசின் மனம் மட்டும்தான் வர வேண்டும்.

மூன்றாவது, நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு தளத்தில் வந்த படத்தை எடுத்துவிட்டால் யார் கேட்டார்கள், எந்தச் சட்டப் பிரிவில் எடுத்தார்கள் என்பது பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

நான்காவது, லோக்கல் சேனல். 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகள், சமூகங்களைத் தாக்கும் நிகழ்ச்சிகளை ஏற்கெனவே தடை செய்கின்றன. சாதிப் பெருமைப் பாட்டில் இன்னொரு மக்களை இழிவு செய்யும் வரி ஓடினால் அது விதிமீறல். மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்களுக்கு ஏற்பாடு உண்டு. நம் தோழர்கள் தேதியையும் நேரத்தையும் குறித்து, பதிவு செய்து, மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சும்மா வேண்டுகோள் வைத்தால் நடக்காது. ஒவ்வொரு ஊரிலும் நான்கு பேர் இதை வேலையாக எடுத்துக்கொண்டால் நடக்கும்.

'ஆன் டிமாண்ட்' என்ற சொல்லில் உள்ள டிமாண்ட் என்பதற்குச் சந்தை மொழியில் தேவை என்று பொருள். நம் இயக்க மொழியில் அதற்குக் கோரிக்கை என்று பொருள். தேவையை அளக்க அவர்களிடம் கருவி இருக்கிறது. கோரிக்கையை வைக்க நம்மிடம் அமைப்பு இருக்கிறது. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் தண்ணீரும் சாலையும் கேட்கும்போது, காலனிக்கு வரும் இழை எங்கே முடிகிறது என்பதையும் தோழர்கள் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.